கழிவு போக

களுவாஞ்சிக்குடி மில்லில் நான் தராசுக்காரன்.
மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு,
ஈரம் கண்டால் இன்னும் இரண்டு.
விதைத்தவனோடு வாய்த்தர்க்கப்படாத நாள் குறைவு.
அப்படிப்பட்ட என் கையில்
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
ஒரு துண்டு தந்தார்கள்:
வனிதாமலரின் குழந்தை, பெண்,
இருபத்தொன்பது கிழமை, தொளாயிரத்து எண்பது.
கிராம் என்று எழுத மறந்திருந்தார்கள்.

தை இருபத்தேழு.
பட்டிருப்புப் பாலத்தடியில் வெள்ளம் நின்ற வருசம்.
சித்திரை வருசப் பிறப்பன்று வரவேண்டியவள்.

முதல் கிழமை எழுபது கிராம் இறங்கியது.
தராசு பிழை என்றேன்.
தாதி சிரிக்கவில்லை.
“எல்லாப் புள்ளையும் முதல்ல இறங்கும் தம்பி,
மறுகாதான் ஏறும்.”

இரண்டு மில்லி பால், மூக்குக் குழாய் வழியே.
அதைக் குடிக்க ஒரு மணித்தியாலம்.
இடைக்கிடை மூச்சு விட மறந்துபோவாள்.
இயந்திரம் கத்தும்.
தாதி ஓடிவந்து உள்ளங்காலை
ஒரு விரலால் சுண்டுவாள்,
கடன்காரனுக்கு நினைவூட்டுவது போல.
உடனே மார்பு எழும்பும்.

இருபதாம் நாள் என் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.
உமித்தூசு போக இரண்டுதரம் தேய்த்துக் கழுவிவிட்டு
நெஞ்சில் வாங்கினேன்.
நாளொன்றுக்கு ஐந்நூறு மூட்டை பார்க்கிறவன்,
ஒரு கிலோ சீனிக்குக் குறைந்ததை வைத்துக்கொண்டு
கை நடுங்கி இருந்தேன்.

பக்கத்துப் பெட்டி ஏறாவூர் சமீமுடைய மகன்.
போனுக்கு மின்னேற்ற
எங்கள் இருவருக்கும் ஒரே துளைதான் வெளியே.
இப்போதும் பெருநாளுக்கு அழைப்பான்.
மகனுக்குக் காதில் இயந்திரமாம்,
உம்மா ஏசத் தொடங்கினால்
கழற்றிப் பொக்கற்றில் போட்டுவிடுகிறானாம்.

வருசப் பிறப்புக்கு வீட்டில் இருந்தாள்.
ஆயிரத்துத் தொளாயிரம்.
கைவிசேடமாக நூறு ரூபாயைச் சுருட்டி வைத்தேன்.
பிடித்தாள்.
பிறகு விடவேயில்லை,
நித்திரையிலும்.

கிளினிக்கில் இளஞ்சிவப்புப் புத்தகத்தைத் திறந்து
டொக்டர் சொன்னார்:
“வயதில பதினொரு கிழமை கழிச்சுத்தான் பார்க்கவேணும்.”
அட, இது என் தொழில்.
பத்து மாதத்தில் இருந்தாள்: கழிவு போக ஏழரை.
பதினேழில் நடந்தாள்: கழிவு போக பதினாலும் சொச்சமும்.
புள்ளிகள் கோட்டுக்குக் கீழே ஊர்ந்து
ஒரு நாள் கோட்டைத் தொட்டன.

“இரண்டு வயசோட கழிக்கிறத விட்டிருங்க.”
தலையாட்டினேன்.
விடவில்லை.
சொல் பிந்தியதற்கும் கழித்தேன்.
கத்தரிக்கோல் வழுகியதற்கும்
இடிக்குப் பயந்து மேசைக்குக் கீழ் போனதற்கும்.
தூங்கும்போது இரவில் எழும்பி
உள்ளங்காலை மெல்லச் சுண்டிப் பார்த்தேன்,
ஐந்து வயதுவரை.
உதைத்தாள்.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று
அதிபர் விரல்விட்டு எண்ணினார்.
தை முப்பத்தொன்றுக்கு முன் ஐந்து முடிகிறது,
நாலு நாள் மிச்சம்,
இந்த வருசமே முதலாம் வகுப்பு.
“வயித்துக் கணக்குப்படி அடுத்த வருசம், சேர்” என்றேன்.
சுற்றுநிருபத்தைத் திருப்பிக் காட்டினார்.
அதில் ஈரத்துக்குப் பத்தி இல்லை.

இப்போது இரண்டாம் வகுப்பு.
கண்ணாடி போட்டிருக்கிறாள்.
எழுத்துக் கோட்டில் நிற்காது,
கூட்டல் விரலில்தான்.
எந்த நாயின் பெயரும் மறக்காது,
போரதீவில் எத்தனை நாய்.
வகுப்பாசிரியை
“கொஞ்சம் பொறுத்துத்தான் பார்ப்பமே” என்கிறா.
என்னத்தைப் பொறுப்பது என்று வனிதாமலர் கேட்டாள்.
ஆசிரியையிடம் இல்லை,
வரும்வழியில், மோட்டார் சைக்கிளில், என் முதுகிடம்.

நேற்றுப் பள்ளி விட்டு மில்லுக்கு வந்தவள்
மூட்டைத் தராசில் ஏறிவிட்டாள்.
பை, தண்ணீர்ப் போத்தல், சப்பாத்து.
பழக்கத்தில் வாய் தொடங்கிவிட்டது:
பைக்கு மூன்று, சப்பாத்துக்கு...

“ஒண்டும் கழிக்கக் கூடாது அப்பா.
எல்லாம் என்ட.”

சரி, அசையாமல் நில் என்றேன்.
எங்கே நிற்கிறாள்.
இருபத்தொன்று, இருபது புள்ளி நாலு, இருபத்திரண்டு,
சிவப்பு இலக்கங்கள் துள்ளிக்கொண்டே இருந்தன.
வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.
துண்டில் எதையும் எழுதவில்லை.