இணையான பாடம் இல்லை

நாலு செமஸ்டரில் அறுபத்தொன்பது கிரெடிட்.
நாற்பத்தாறை எடுத்துக்கொள்கிறது கனடா.
கணக்கு போகும். கான்கிரீட் போகும்.
நில அளவைச் செய்முறைக்கு நேரே
ஒரே வரி: இணையான பாடம் இல்லை.

குறுக்குத்துறையில் ஆற்றை அளந்தோம், மாசி மாதம்.
அக்கரையில், முழங்கால் தண்ணீரில்,
கோல் பிடித்து நின்றாள் முப்பிடாதி.
கல்லூரியின் பழைய கருவிக்குள்
எல்லாமே தலைகீழ்.
மேலே ஆறு, கீழே வானம்,
நடுவில் அவள் தொங்கிக்கொண்டு சிரித்தாள்.
இடப்பக்கம் சாய்க்கச் சொல்லிக் கைகாட்டினால்
வலப்பக்கம் சாய்ப்பாள், வேண்டுமென்றே.
"எவ்வளவு நேரம்ட்டி நிக்க? மீன் கடிக்கி!"

அபிஷேகப்பட்டிக்கு இரண்டு பஸ் மாறி
முத்திரை வைத்த ஓர் உறைக்காக
மூன்று தடவை அலைந்ததும் அவளோடுதான்.
டி.சி.யில் என் நடத்தை 'நன்று'.
வாசித்துவிட்டுச் சொன்னாள்:
"இவங்களுக்கு ஒண்ணும் தெரியல."
போகிற தேதியை மட்டும் கேட்கவில்லை.

மேல்முறையீட்டுக்குச் சான்று வேண்டுமாம்.
களக்குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஸ்கேன் செய்தேன்,
ஆற்றுத் தண்ணீர் பட்டு மை பரவிய பக்கம்.
கருவி பார்த்தவர்: ஜெ. பிரிசில்லா.
கோல் பிடித்தவர்: ச. முப்பிடாதி.

மாணவர் பெயர் தவிர மற்றதை
வெட்டிவிட்டு ஏற்றச் சொன்னது படிவம்.
வெட்டாமல் ஏற்றினேன்.