பாதித் திரை

ஐந்து ரிமோட்டை ஒன்றாக்க
மூன்று ஞாயிறு போயிற்று.
இப்போது 'படம்' என்று ஒரே பொத்தான்.
அழுத்தினால் டிவி விழிக்கும்,
அதன் கீழே பெட்டி கண் சிமிட்டும்,
குழல்விளக்கு அணையும்,
திரைச்சீலை மட்டும்
பாதி வழியில் நின்று யோசிக்கும்.

ஆண்டாப் ஹில்லில்
கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே
ஒரு ஸ்கூட்டர் நுழையும் அகலம்.
கண்ணுக்குத் தெரியாத சிவப்பு
ஜன்னல் தாண்டிப் போவதை
மங்கையர்க்கரசிதான் பார்த்தாள்.
"நாம போட்டா அங்கயும் எரியுதுங்க."

எதிர்வீட்டு சுர்வே
பெட்டியைக் கழற்றி மாட்டினார்,
கேபிள்காரனைத் திட்டினார்,
கடைசியில்
டிவியின் காதில்
எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது.
பெட்டிக்கு முன்னால்
சீலை முழுக்க மூடட்டும் என்று
ஒரு வரி சேர்த்தேன்.
மோட்டார் முனகிக்கொண்டு மூடியது.
வேலை முடிந்தது என்றேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு
ஓரத்தை விலக்கிப் பார்த்தவள்
என்னைக் கூப்பிட்டாள்.

மடியில் சோற்றுத் தட்டு.
காய்ந்த எலுமிச்சைக்குக் கீழே கறுத்த திரை.
ரிமோட் கையெட்டும் தூரத்தில்.
சுர்வே தொடவில்லை,
கடிகாரத்தைப் பார்க்கிறார்,
டிவியைப் பார்க்கிறார்.

சேர்த்த வரியை அழித்தேன்.
"சத்தத்தையும் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள்,
அது அங்கே கேட்காது என்று தெரிந்தே.