ஏழு புள்ளி இரண்டு

உபியில் தொழிற்கட்டடம், ஆறாவது மாடி.
பக்கத்து அலகில் மீன் உருண்டை செய்கிறார்கள்.
சரக்கு மின்தூக்கி நகரும்போதெல்லாம்
குகனேஸ்வரியின் கிட்டார் உறுமும்,
அவள் விரல் படாமலே.

மின்தூக்கி பழுதுபார்ப்பது என் பகல் வேலை.
அதன் உறுமலை வடிகட்டி எறிவது இரவு வேலை.
சம்பளம் பகலுக்கு மட்டும்.

ஒன்பது பாட்டு. எட்டைப் பதிந்தாயிற்று.
ஆல்பத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
தரையில் பெடல்கள்
மழைநாள் வாசற் செருப்புகளாய்
வரிசை தப்பிக் கிடக்கின்றன.
சொன்னதையே திரும்பச் சொல்லும் டிலே,
அறையைக் குகையாக்கும் ரிவர்ப்,
சீட்டுக்கட்டு அளவில், மூடி பெயர்ந்த ஒரு ஃபஸ்.
பொங்கோல் எம்ஆர்டி வாசலில் கைமாறியது,
நாற்பத்தைந்து வெள்ளி.
விற்றவன் எண்ணிக்கூடப் பார்க்காமல் படியிறங்கினான்.

புதன் இரவு பதினொன்றே காலுக்கு
அவள் அதை மிதித்தாள்.

எப்படிச் சொல்ல.
வெல்லப்பாகு கடைசிப் பதத்தில்
குமிழ்விட்டுக் குமிழ்விட்டு அடங்குமே,
அந்தக் கெட்டி.
நீட்டிய சுரம் நடுவழியில் இருமி, அறுந்து,
அறுந்த இடுக்கில்
வேறொரு சுரம் தலை நீட்டியது.
ஸுல்ஹில்மி குச்சிகளை மடியில் வைத்துவிட்டான்.
ஆம்பின் துணிமுகத்துக்கு நாலு விரற்கடை தள்ளி
மைக் ஒழுங்காகத்தான் நின்றது.
நான்தான் பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றேன்.
பெடல் செத்திருந்தது.

புது பாட்டரி. ஒன்பதரை வோல்ட்.
ஒலி வந்தது,
குளித்துத் தலைவாரிப் பள்ளிக்குப் புறப்பட்டதாய்.
அவள் முகத்தைச் சுளித்தாள்:
"இது யார் வீட்டுப் பிள்ளை?"

குப்பைக்கூடையிலிருந்து பழசை எடுத்து அளந்தேன்.
சற்றே இளைப்பாறியதில்
ஏழு புள்ளி இரண்டுக்கு ஏறியிருந்தது.
மாட்டினோம்.
நான்கு விநாடி உயிரோடு இருந்தது.

அழுத்தத்தைக் குறைக்க ஒரு குமிழ் போதுமே
என்றான் ஸுல். பற்றவைத்தேன்.
எண் வந்தது, இருமல் வரவில்லை.

புது பாட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும்.
பாதி செத்ததை எவன் விற்பான்?

வெள்ளிக்கிழமை தெம்பனிஸ், பன்னிரண்டாம் மாடி.
மின்தூக்கிக் கதவைக் கழற்றி
முழங்காலிட்டிருக்கையில் கேட்டது:
கீச்.
நாற்பது விநாடி கழித்து மறுபடி
கீச்.
எவர் வீட்டிலோ புகையுணர் கருவி
பாட்டரி கேட்டு அழுகிறது.
என் இடுப்புப் பையில் மல்ட்டிமீட்டர்.

கதவிடுக்கில் திருமதி சியூ ஹோங்.
"என்ன விற்கிறாய்?"
விற்கவில்லை, புதுசு தருகிறேன், பழசைக் கொடுங்கள்.
"எவ்வளவு?"
சும்மா.
சும்மா என்றதும் சங்கிலியை இன்னும் இறுக்கினார்.
கடைசியில் என் வேலை அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு
நாற்காலியைப் பிடித்துக்கொள்ள இசைந்தார்.

ஏழு புள்ளி இரண்டு.
மாறாமல், நாற்காலி மேல் நான் நின்ற நேரம் முழுக்க.

அன்றிரவு ஒரே பதிவு. மறுமுறைக்கு மின்சாரம் கிடையாது.
எண்ணிக்கை தொடங்கும்போது மின்தூக்கி கிளம்பிற்று.
கை தானாக வடிகட்டிக்குப் போனது.
"விடு" என்றாள்.
ஜி சுரத்துக்கு மயிரிழை மேலே அந்த உறுமல்.
ஆணிகளைத் திருகி
ஆறு தந்தியையும் மயிரிழை ஏற்றினாள்,
கட்டடம் பிடித்த சுருதிக்கு.

அப்புறம் மிதித்தாள்.

மூன்று நிமிடம் ஐம்பது விநாடி
கெட்டியாகி, இருமி, ஓரம் கருகி,
கடைசிச் சுரம் தானே இற்று விழுந்தது.
அதற்குப் பின்னும் பதிவில் கொஞ்சம் நேரம்
மின்தூக்கி மட்டும் கேட்கும்.
யாரோ மீன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.