ஈ-02

ரெட்ரூத்தில் பழைய தகரச் சுரங்கத்துக்குக் கீழே
வரிசை வீடுகளில் நான்காவது.
பின்கட்டில், பாவுகல் மேல்,
காற்றடைத்த வெந்நீர்த் தொட்டி
ஆறிய பூரிபோல் ஒரு பக்கம் அமுங்கிக் கிடக்கிறது.
பம்பின் சின்னக் கண்ணாடியில்: ஈ-02.

நம் எழுத்தில் அது ஒரு பூச்சி.
அல்லது, கொடு என்று ஒரு பழைய சொல்.
பேஸ்டிக் கடையில் பதினோரு மணிநேரம்
மாவு மடித்து வந்த மார்வென்னாவுக்கு
முதுகுவலியோடு இன்னொரு இரவு.

‘ஈ-02 காட்டுகிறது.’
இரண்டு வருடத்தில் தங்கைக்கு அனுப்பிய முதல் வரி.
அப்பாவின் படகை விற்றதற்கு அப்புறம் முதல் வரி.
நாற்பது நிமிடம் கழித்துப் பதில்:
‘வடிகட்டியை எடு.’

எடுத்தாள். முடி. கோடையின் சன்ஸ்கிரீன் வழவழப்பு.
முழுசாக ஒரு சிலந்தி.
மடிப்பு மடிப்பாக விரித்து அலசி
மாட்டினாள். ஈ-02.

‘அலசியாச்சு. அதேதான்.’
‘தண்ணீர் மட்டம்?’
‘கோட்டுக்கு நாலு விரல் கீழே.’
‘சுவர்?’
‘அமுக்கினால் உள்ளே போகிறது.’
அப்புறம் ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை வேன் வந்தது.
டேகென் ஊரெல்லாம் பாய்லர் பழுதுபார்ப்பவள்.
அக்காளைப் பார்த்துத் தலையசைத்தாள்,
தொட்டியிடம்தான் பேசினாள்:
‘உனக்கு என்னடா வந்தது?’

காற்று போகும் இடத்தை முதலில் காதால் தேடவேண்டும்.
அதற்கு மௌனம் வேண்டும்.
இருவரிடமும் அது நிறைய இருந்தது.
பம்பை நிறுத்தினார்கள்.
வேலிக்கு அப்பால் பெட்ராக்கின் டிரில்லை நிறுத்தச் சொன்னார்கள்.
கடல்காக்கைகளிடம் சொல்ல முடியவில்லை.
ஈர வினைலில் ஆளுக்கொரு பக்கம் காதை ஒட்டி
மண்டியிட்டுச் சுற்றி வந்தார்கள்,
ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கி.

ஒன்றும் கேட்கவில்லை.

பாத்திரம் கழுவும் சோப்பு, ஸ்பாஞ்சு.
வால்வு: சுத்தம். மேல் விளிம்பு: சுத்தம்.
மூன்றாம் சுற்றில், கைப்பிடிக்குக் கீழே,
நுரையில் ஒரே ஒரு குமிழி
பெருத்தது, உடைந்தது, திரும்பப் பெருத்தது,
தவளைத் தொண்டைபோல்.
‘அங்கே’ என்றாள் ஒருத்தி.
‘அங்கே’ என்றாள் இன்னொருத்தி, அதே மூச்சில்.
பேனாவால் வட்டம் போட்டார்கள்.
பூனை நகம் என்றாள் மூத்தவள்.
ரோஜா முள் என்றாள் இளையவள்.
இதற்கு யாரும் கதவை அறையவில்லை.

தண்ணீரை இறக்கி, காற்றைப் பிடுங்கி,
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து,
குளிருக்கு ஹேர் டிரையர் பிடித்தார்கள்.
‘மூலையை வளைத்து வெட்டு’ என்றாள் டேகென்.
‘கூரான மூலைதான் முதலில் உரியும்.’
பசை. ஒட்டு. கட்டைவிரல்.
‘நாளைவரை கனமாக ஏதாவது வேண்டும்.’
மார்வென்னா மாவு மூட்டை கொண்டுவந்தாள்.
அது குழைந்து வழிந்தது.

டேகென் வேனுக்குப் போனாள். கொஞ்சம் நேரமாயிற்று.
இரண்டு கையாலும் தூக்கி வந்தது
ஒரு ஈயக்குண்டு. நீலப் பெயிண்ட் பாதி உதிர்ந்தது.
அடியில் ஆணியால் கீறிய படகின் பெயர்.

‘எல்லாவற்றையும் விற்றுவிட்டதாகச் சொன்னாய்.’
‘இதை யாரும் கேட்கவில்லை.’

தேநீர் குடிக்காமலே கிளம்பினாள்.
‘திரும்ப ஏதாவது காட்டினால் சொல்லு.’

ஞாயிறு மதியம் குண்டை எடுத்தாள்.
ஒட்டு அசையவில்லை.
காற்று, அப்புறம் ரப்பர் குழாய், அப்புறம் பதினொன்று டிகிரி.
மணிக்கு ஒன்றரை டிகிரிதான் ஏறும்;
நின்று பார்த்தால் ஏறவே ஏறாது.
இரவில் இரண்டு முறை எழுந்து
டார்ச் அடித்துப் பார்த்தாள்: இருபத்தி மூன்று. இருபத்தெட்டு.

திங்கள் அவளுக்கு விடுமுறை. தூறல்.
கழுத்துவரை இறங்கி உட்கார்ந்தாள்.
முதுகு எலும்பு எலும்பாகப் பிடியை விட்டது.
சுவர் அவள் சாய்ந்ததைத் தாங்கியது.
கண்ணாடியில் முப்பத்தெட்டு.
வேறெதுவும் இல்லை.
ஈயக்குண்டு சமையலறை மேசையில்,
ரொட்டிக்குப் பக்கத்தில்.

ஒரு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு
கைபேசியை எடுத்து
தட்டுகிறாள்: ‘ஈ-02.’

பம்ப் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.