இரண்டாயிரத்து எண்பதாவது எழுத்து

கல்முனைப் பிரதேச செயலகம், பதிவுப் பிரிவு,
மூன்றாவது மேசை என்னுடையது.
எழுத்துப் பிழையோடு வருகிறவர்கள் என்னிடம் வருவார்கள்.
வள்ளி வல்லியாகிவிட்ட நற்பிட்டிமுனைப் பெண்.
வாப்பாவின் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டு
குவைத் விசா நின்றுபோன மருதமுனைப் பொடியன்.
சத்தியக் கடதாசி, சமாதான நீதவான் ஒப்பம், முத்திரை.
ஓரத்தில் சிவப்பு மையால் திருத்தி
இன்ன திகதியில் இன்னாரால் என்று எழுதுவேன்.
பதினாறு வருடம்.
முடியாது என்று யாரையும் அனுப்பியதில்லை.

அஸ்மியாவுக்கு நாலு வயதில் தொடங்கியது.
மாதம் ஒருக்கா, சிலநேரம் இருபதாம் நாளே,
வெள்ளாப்பில் காய்ச்சல்.
வயிறு பலகை; தொடவிடமாட்டாள்.
மூன்றாம் நாள் எழும்பிப் பிட்டுக் கேட்பாள்,
எதுவுமே நடக்காதது போல.
மலேரியா இல்லை. டெங்கு இல்லை.
ஏழு வயதில் குடல்வாலை வெட்டி எடுத்தார்கள்;
எடுத்த பிறகு, நல்ல குடல்வால் என்றார்கள்.
பள்ளிக்கூடத்தில் கள்ளக் காய்ச்சல் என்றார்கள்.
ஒருநாள் கந்தோர் லீவுப் புத்தகத்தில்
என் லீவுகளை எண்ணிப் பார்த்தேன்.
அவள் நோய்க்கு எழுதிவைத்த சரித்திரம்
அது ஒன்றுதான் இருந்தது.

மட்டக்களப்பில் டொக்டர் தர்மினி
அந்தப் புத்தகத்தைத்தான் கேட்டார்.
இரத்தம் கொழும்புக்குப் போய், கடல் கடந்து,
நாலு மாதத்தில் ஒரு தாளாக வந்தது.

"கிருமி இல்ல. எதிரி எண்டு ஒருத்தருமில்ல."
உடம்பில் ஒரு காவல் படித்துத் தேறுவது:
அம்மை ஒருமுறை வந்தால் அதன் முகம் மறக்காது.
இது மற்றது.
பிறக்கும்போதே கூட வருவது,
எதையும் படிக்காதது,
புகை மணத்தாலே மணியடிப்பது.
அதில் பைரின் என்றொரு புரதம்.
நெருப்புக்குக் கிரேக்கர் வைத்த பெயராம்.
அதை எழுதும் நீண்ட வரியில்
இரண்டாயிரத்து எண்பதாவது எழுத்து
ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜீ.
இரண்டு பிரதியிலும்.

இரண்டு பிரதியிலுமா, என்றேன்.
(மூலத்திலேயே பிழையென்றால் எங்களிடம் வேறு படிவம்.)

ஒன்று நான் கொடுத்தது. மற்றது ஜெஸீல்.
ஜெஸீல் என் மாமி மகன்.
இங்கே என்ன குடி என்று கேட்டால்
உம்மாவின் குடியைச் சொல்வோம்.
வாப்பாவின் குடியை யார் கேட்டார்கள்?
இந்த எழுத்து கேட்டிருக்கிறது.

நோயின் பெயரில் மத்தியதரைக் கடல் இருந்தது.
ஆதம்லெவ்வை மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.
"நான் சொன்னனா இல்லியா, நாம அரபு வழி!"
காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் நின்று சொன்னார்.
தர்மினி, எழுத்து இங்கேயே பிசகியும் இருக்கலாம் என்றார்.
முன்னொரு காலத்துக் கொள்ளைநோயில்
இந்தப் பிழை சிலரைக் காப்பாற்றியிருக்கலாம்
என்றும் ஒரு எண்ணம் உண்டாம்.
இருக்கட்டும்.
இரவு மூன்று மணிக்கு, ஈரத் துணியோடு,
எனக்கு எதற்கு அந்தக் கொள்ளைநோய்?

மருந்து கொல்சிசின். சின்னக் குளிசை, இரவில்.
"கார்த்திகைப்பூக் கிழங்கிலயும் இதுதான் இருக்கு."
அந்தப் பூ பாண்டிருப்பு வேலிகளில்
மாரி மழையிலும் அணையாமல் எரியும்.
அந்தக் கிழங்கின் கதை எங்கள் தெருவிலும் உண்டு;
பெயர் சொல்லமாட்டோம்.
அவளுடைய மரணப் பதிவை நான்தான் எழுதினேன்,
ஒரு எழுத்துப் பிழையில்லாமல்.
முதல் இரவு குளிசையை உள்ளங்கையில் வைத்து
நெடுநேரம் நின்றேன்.
அளவுதான், என்றார் ஜெஸீல். அளவுதான் வித்தியாசம்.

இன்று எழுபத்தொன்றாம் நாள்.
வெள்ளாப்பில் என் கை இன்னும் தானாக எழும்பி
அவள் நெற்றிக்குப் போகிறது.

"உங்கட சிவப்புப் பேனையால ஏலாதா உம்மா?"
ஏலாது மகள்.

கொப்பியின் ஓரத்தில் ஜீ எழுதிப் பார்க்கிறாள்,
வளைத்து, உள்ளே ஒரு சின்னத் தட்டு வைத்து.
"வடிவாத்தானே இருக்கு," என்கிறாள்.
பிட்டில் கை வைத்தபடி
பார்த்துக்கொண்டிருக்கிறேன். கந்தோருக்கு நேரமாகிறது.