பாலக்கோட்டு ஹேக்கர்

தக்காளி மண்டிக் கணினியின் பாஸ்வேர்டு
கீபோர்டுக்கு அடியில்
ஒட்டிய சீட்டிலேயே இருந்தது.
படித்தேன். அவ்வளவுதான்.
அன்றிலிருந்து பாலக்கோட்டில் நான் ஹேக்கர்.

டீக்கடையில் என்னைக் கண்டால்
போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள்.
யார் கணக்கிலோ நாலாயிரம் குறைந்தபோது
ஏட்டு நேராக என் கடைக்கு வந்தார்;
போன மாதம் இதே ஸ்டூலில்
மனைவியின் வாட்ஸ்அப்பைத் திறக்க முடியுமா என்று
குரல் தாழ்த்தியவர்.

நேற்று மாரண்டஅள்ளிச் சென்றாயன்
மகனின் போனோடு வந்தார்.
தண்டவாளத்தோரம் கிடைத்ததாம்.
சார்ஜ் ஏற்றி, வெளிச்சத்தில் சாய்த்தேன்.
கண்ணாடியில் விரல் எண்ணெய்த் தடம்,
ட போல.
அப்படியே இழுத்தேன், திறந்தது.

அவர் குனிந்து பார்க்கவில்லை.
வெளியே தார்ப்பாய் கட்டும் லாரியைப் பார்த்தபடி
"மறுபடி பூட்டிரு தாயி" என்றார்.

பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

எவ்வளவு என்று கேட்டார்.
தெரியவில்லை.