வலது விளக்கில் ஒரு குமிழி

சாட்ஸ்வொர்த்தில், டயர்க் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே
ஒற்றை ஷட்டர் கடை என்னுடையது.
ஜன்னலுக்குக் கறுப்பு ஒட்டுவேன்,
பானெட்டில் தீப்பிழம்பு ஒட்டுவேன்,
கேட்ட பெயரைப் பின்கண்ணாடியில் எழுதித் தருவேன்,
பிறந்த தேதியோடு,
தேவைப்பட்டால் இறந்த தேதியோடும்.

முன்விளக்கு மட்டும் வேண்டாம் என்பேன்.
அப்புறம் ஒட்டுவேன்.

வாடகை என்று ஒன்று இருக்கிறதே.
அதற்காக ஒரு காகிதம் அச்சடித்து வைத்திருக்கிறேன்:
"கண்காட்சிக்கு மட்டும். பொதுச்சாலையில் ஓட்ட மாட்டேன்."
கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் கையெழுத்து.
இதுவரை நூற்றுப் பதினேழு பேர்
பொதுச்சாலையில் வந்து கையெழுத்துப் போட்டு
பொதுச்சாலையில் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கிரிபாஷன் மூட்லியின் வண்டி பழைய கோல்ஃப்.
கடைசித் தவணை கட்டிய அன்றே கொண்டுவந்தான்.
"லேசாகவா, அடர்த்தியாகவா?"
"கண்ணை மூடிக்கொண்டு முறைக்கிற மாதிரி."
எனக்குப் புரிந்தது. இதெல்லாம் புரிவதுதான் என் தொழில்.

சோப்புத் தண்ணீர் தெளித்தேன்.
சூட்டுத் துப்பாக்கியைக் காட்ட, தாள் முனகி, இளகி,
வளைவுக்கு வளைவாய் அமர்ந்தது.
வலது விளக்கின் கீழ்மூலையில் மட்டும்
உளுந்தளவு ஒரு குமிழி.
தேய்த்தேன். நகர்ந்தது. போகவில்லை.
"யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்" என்றான்.
ஐம்பது ராண்ட் குறைத்துக்கொண்டேன்.

வியாழன். எட்டு மணிக்குப் போகும் என்றிருந்த கரண்ட்
எட்டு மணிக்கே போயிற்று;
இந்த ஊரில் சொன்ன நேரத்துக்கு நடப்பது அது ஒன்றுதான்.
ஷட்டரை இறக்கிப் பூட்டினேன்.
கறுப்புச் சட்டை, கறுப்புப் பை.
பாலத்தடியில், நடைபாதை திடீரென்று தீர்ந்துபோகும் இடத்தில்
சாலையைக் கடந்தேன்.
இரண்டு பக்கமும் பார்த்தேன். எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.
இருட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இருட்டு
வந்துகொண்டிருந்தது.
அதை வண்டி என்று நான் நினைக்கவில்லை.

பிரேக்.
ரப்பர் கருகும் வாசனை.
என் முழங்காலுக்கும் விளக்குக்கும் நடுவே
ஒரு கை வைக்கலாம்.
வைத்தேன்.
விரலில் தட்டுப்பட்டது உளுந்து.

இறங்கி வந்தான். "நிர்வாஷ்னி அக்கா,
நீங்கள் தெரியவே இல்லை" என்றான்.
"நீயும்தான்" என்றேன்.
திட்டுவதற்கு வாய் திறந்து இரண்டு பேருமே மூடிக்கொண்டோம்.
யாரை யார் திட்டுவது.
கையெழுத்து அவனுடையது.
கை என்னுடையது.
கோழிக்கடையின் ஜெனரேட்டர் மட்டும்
யாரையோ திட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.
நடந்தே போனேன்,
போன் டார்ச்சை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமை காலை வண்டியோடு நின்றான்.
உரிக்கச் சொன்னான்.
மனம் கேட்காமல் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.
சட்டைப்பையிலிருந்து
மெட்ரோ போலீஸ் கொடுத்த அபராதச் சீட்டை எடுத்து நீட்டினான்.
என் முழங்கால் செய்ய முடியாததை
அந்தச் சீட்டு செய்திருக்கிறது.
சரி. எப்படியோ.

உரிப்பது ஒட்டுவதைவிடச் சிரமம்.
பசை விடாது. நகத்தை விட வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும்.
காசு வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன்.
குமிழிக்குக் குறைத்த ஐம்பதையும் சேர்த்து.

போகும்முன் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக் காட்டினான்.
எதிர்ச்சுவரில் இரண்டு வெள்ளை வட்டம்,
வெயிலில் இருக்கிறதா இல்லையா என்பது போல.
இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

காகிதம் இன்னும் அரைக்கட்டு மீதி இருக்கிறது.
பின்பக்கம் வெறுமை.
கணக்கெழுதக் கோழிக்கடைக்காரர் கேட்கிறார்,
நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஒருவன் பக்கி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான்.
புது வண்டி. இன்னும் சீட்டில் பிளாஸ்டிக்.
"முன்விளக்குக்கு" என்றான்.
வேண்டாம் என்றேன்.
"அப்புறம்?" என்றான்,
என் வழக்கம் தெரிந்தவன் போல.